பம்ப்ளிமாஸ் விண்பதியம் பிடித்துவிட்டது

பெரியம்மா வீட்டுச் செஞ்சுளைப் பம்ப்ளிமாஸில் ஆனி மழையோடு கட்டிய விண்பதியங்களில் வேர் வந்துவிட்டது. கிளையை வெட்டாமல், மரத்திலேயே பட்டை உரித்து, ஈர நார் வைத்துப் பிளாஸ்டிக்கால் கட்டி வேர்விட வைப்பதுதான் விண்பதியம். பிளாஸ்டிக் வழியே வெள்ளையாகத் தெரிகிறது. எங்கள் மியான்மர் மோல்மீன் ஊர் மழைக்குப் பதியம் அழுகிவிடும் என்று சொன்னவர்கள் வந்து பார்க்கலாம்!

விதை போடலாமே என்று கேட்கிறார்கள். கமலா, சாத்துக்குடி விதையில் தாய்மரத் திசுவிலிருந்தே கருக்கள் உண்டாவதால் கன்று பெரும்பாலும் தாயைப் போலவே வரும். பம்ப்ளிமாஸ் விதையில் இருப்பது ஒரே கரு, அதுவும் மகரந்தச் சேர்க்கையில் வந்தது. பெரியம்மா மரத்துச் சுவை அதில் வரும் என்று நம்ப முடியாது.

எல்லாம் பட்டை உரிப்பதில்தான் இருக்கிறது. ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டை கழன்றதும் வேலை முடிந்துவிடாது. கட்டைமேல் வழுவழுவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும், அதுதான் கேம்பியம். நூலளவு மிஞ்சினாலும் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் மறுபடி சேர்ந்துகொள்ளும், இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்கிவிடும், வேர் வராது. கத்தியின் முதுகால், விரலுக்குச் சொரசொரப்புத் தட்டும்வரை சுரண்டினேன். அப்புறம் ஈரத்துணியால் துடைத்துச் சாய்வெயிலில் பார்த்தேன். எங்காவது மினுங்கினால் அந்த இடத்தை மறுபடி சுரண்ட வேண்டும். வேரைத் தூண்டும் வேர்ப்பொடி மேல்விளிம்பில் மட்டும் போதும். வேர்விட வைக்கும் ஆக்சின் என்ற இயக்குநீரும் சர்க்கரையும் அங்கேதான் தேங்குகின்றன, கீழே பூசுவது காசுக்குக் கேடு.

கிளை வழியே ஒழுகும் மழைநீர் பிளாஸ்டிக்கின் மேல்முடிச்சில்தான் புகும். சணலை நான் நம்புவதில்லை. மோல்மீனுக்கு எதிரே இருக்கும் பீலு தீவில் செய்கிற ரப்பர் பேண்டை நெருக்கி நெருக்கிச் சுற்றினேன், மழைக்காலம் முழுக்கத் தளரவில்லை. தேங்காய் நாரும் அங்கிருந்துதான் வாங்கினேன். 2017இல் பாலம் வந்த பிறகு போய்வருவது எளிது. சந்தையில் கிடைக்கிற நாரில் உப்பு அதிகம், அலசி அலசிக் கை ஓய்ந்துவிடுகிறது.

ஒன்று கவனியுங்கள். பதியத்தில் தாயின் குணம் வருவது போலவே நோயும் வரும். எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் கிரீனிங் நோயின் பாக்டீரியா பட்டைத் திசுவுக்குள் இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுகிறது. நடுநரம்பின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பொருந்தாமல் மஞ்சள் திட்டு விழுந்த இலைகள் இருந்தால் அந்த மரத்தில் பதியமே போட மாட்டேன், காய் எவ்வளவு இனித்தாலும் சரி.

வேர் பழுப்பேறிக் கிளைத்த பிறகே வெட்டி இறக்குவேன். அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் விதையில்லா எலுமிச்சையில் நாலு கிளை கேட்டு வைத்திருக்கிறேன். ரப்பர் பேண்டு மீதி இருக்கிறது, நார்தான் இன்னொரு மூட்டை வேண்டும்.