பன்னிரண்டு வாரமும் தடைக்காலமும்

2023ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த சனிக்கிழமை இரவு, இராமேசுவரத்திலிருந்து சென்ற விசைப்படகில் மடியை, அதாவது இழுவலையை, ஏற்றிக்கொண்டிருந்தபோது என் வலக்கை அதை இழுக்கும் வின்ச் பொறியில் சிக்கியது. உருளையில் சுற்றும் கம்பி வடம் ஒரே பக்கம் குவிந்துவிடாமல் கையால் ஒதுக்கிவிடுவது எங்கள் படகில் வழக்கமாக இருந்தது. அந்த வடத்தில் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழை என் கையுறையைப் பற்றி இழுத்ததில், மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்குகிற தசைநாண்கள் அறுந்தன. சுண்டு விரலுக்குச் செல்லும் நரம்பு ஒன்றும் அறுந்தது. டிரைவர் உடனே வின்ச்சை நிறுத்தியதால் கை தப்பியது. கரை சேர்வதற்குள் விடிந்துவிட்டது. அங்கிருந்து மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், ஞாயிற்றுக்கிழமையே தைத்துவிட்டார்கள்.

தைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. தைத்த நாண் முதல் சில வாரங்களில் மிகவும் வலுக்குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு குடத்தைத் தூக்கினாலும் மறுபடி அறுந்துவிடலாம். அதற்காக அசைக்காமலே வைத்திருந்தாலோ, சுற்றியுள்ள திசுக்களோடு அது ஒட்டிக்கொண்டு விரல் கட்டையாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் செல்வதற்காகவே, மணிக்கட்டைச் சற்று மடக்கியபடி புறங்கையில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்தி, ஆறு வாரம் கழற்றக் கூடாது என்றார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை, இடக்கையால் அந்த விரல்களைப் பத்து முறை மடக்கிவிட்டு, தகட்டைத் தொடும் வரை மெல்ல நிமிர்த்த வேண்டும். அந்தக் கணக்கை என் மனைவி அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தாள். நான் சோர்ந்துபோன நாட்களிலும் கோடு குறையவில்லை.

தகடு கழன்ற பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பைத் தேய்த்தேன். உணர்ச்சி மாறிப்போன சுண்டு விரலைப் பஞ்சு, துணி, அரிசி, கடைசியாகக் கடற்கரை மணல் என்று ஒவ்வொன்றாகத் தொடப் பழக்கினேன். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்று இயன்முறை சிகிச்சை தந்த தங்கச்சி சொன்னார். "அவசரப்படாதீங்கண்ணே, பன்னிரண்டு வாரம் ஆகாம பாரம் தூக்கவே கூடாது" என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்துத்தான் அனுப்புவார்.

ஆனால் கடல் தொழிலில் பன்னிரண்டு வாரம் என்பது பங்கு இல்லாத பன்னிரண்டு வாரம். எங்கள் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் செல்லும், கூலி என்பது பிடித்த மீனின் வருமானத்தில் ஒரு பங்குதான், அதுவும் ஏறியவனுக்குத்தான். மீனவர்களுக்கான விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை என்று இருக்கிறது. குணமாகிக்கொண்டிருக்கும் மாதங்களுக்கு அதில் இடமில்லை. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தற்காலிக ஊனத்துக்கும் அரை மாதத்துக்கு ஒருமுறை, மாத ஊதியத்தில் 25 விழுக்காடு தரச் சொன்னது. மாத ஊதியம் என்ற ஒன்றே தாளில் இல்லாமல் பங்குக்கு வேலை செய்பவன் அதை எதைக் காட்டிக் கேட்பது? படகின் உரிமையாளரான சம்மாட்டி கெட்ட மனிதர் அல்லர்; முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு அரிசி அனுப்பினார். ஆயினும் படகில் முழு ஆள் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்குக்கு அஞ்சித்தான் எங்களில் பலர் கை ஆறுவதற்கு முன்பே ஏறிவிடுகிறார்கள். எட்டாவது வாரத்தில் நானும் ஏறப்பார்த்தேன், மனைவி விடவில்லை.

என்னைக் காப்பாற்றியது நாட்காட்டிதான். பன்னிரண்டு வாரம் நிறைந்ததும் ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ஒன்றாக வந்தன. அடுத்த 61 நாள், ஜூன் 14 வரை, படகுகள் கரையில் இருக்கும். வலைக் கிழிசலைப் பொத்துவது, மடி கட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். நான் கொட்டகையில் போய் உட்கார்ந்து ஊசியைப் பிடித்தேன். முதல் வாரம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சுண்டு விரல் நூலை இறுக்காமல் நழுவவிட்டது, கண்ணிகள் கோணலாக விழுந்தன, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் அவற்றை அவிழ்த்துக் கொடுத்தார். மே மாதத்தில் அரை நாள் தொடர்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டேன். பிறகு கயிறு முறுக்கவும் ஈயக்குண்டு கோக்கவும் பழகினேன். மருத்துவமனையில் ரப்பர்ப் பந்தை அழுத்தச் சொன்ன பயிற்சிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: இங்கே விரல் தன் சொந்த வேலையைச் செய்துகொண்டே வலுப்பெற்றது, சுற்றியிருந்தவர்களும் என்னை நோயாளியாகப் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

ஜூன் 15 அன்று ஏறினேன், வின்ச்சுக்கு அல்ல, மீன் பிரிக்கும் வேலைக்கு. எதிர்பாராத தொல்லை ஒன்று அங்கே காத்திருந்தது. ஐஸில் கை பட்டதும் சுண்டு விரல் வெளுத்து, எலும்புக்குள் ஊசி ஏறுவதுபோல் வலித்தது. நரம்பு அறுபட்ட விரலுக்குக் குளிர் நீண்ட காலம் ஆகாது என்பதை முன்னமே தெரிந்திருந்தால் அன்று அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இப்போது ரப்பர் உறைக்குள் ஒரு கம்பளி உறை போட்டுக்கொள்கிறேன். வடத்தை இரும்புக் கம்பியால்தான் ஒதுக்க வேண்டும் என்று சம்மாட்டியிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். உருளைக்கு முன் ஒரு தடுப்பும் பற்றவைத்தாயிற்று.

சென்ற மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் மடியின் வாயை விரிக்கும் பலகை இடித்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். தடைக்காலம் வர இன்னும் நாளிருக்கிறது. சம்மாட்டியிடம் இரண்டு முறை போய்ப் பேசிய பிறகு, கட்டுப் பிரித்ததும் கொட்டகையில் வலை பொத்தட்டும், அதற்கு அரைப் பங்கு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவனுக்காக ஒரு ஊசியை எடுத்து, கை நழுவாமலிருக்கப் பிடியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.