மூக்கு கழுவும் தண்ணீர்

சைனஸ் தொல்லைக்கும் தூசி அலர்ஜிக்கும் ஜலநேதி, அதாவது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது, நல்ல நிவாரணம் தரும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே நேதிக் குவளையில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் இப்படித்தான் இறந்தார்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவியபோது நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா உள்ளே போய், வாசனை நரம்பு வழியாக மூளையை எட்டிவிட்டது. அதே தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. மிக அரிதான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. இத்தனை பெரிய ஆபத்தைத் தடுக்க அடுப்பில் ஒரு பாத்திரம் வைத்தால் போதும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் 3 நிமிடம். மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் பயன்படுத்துங்கள். ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்துவிடுங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு போடுங்கள், அயோடின் சேர்க்காத உப்பாக இருக்கட்டும். வெறும் தண்ணீர் மூக்கில் சுரீரென்று எரியும்.

அப்புறம், குவளையை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள். முடிந்ததும் மூக்கை வேகமாகச் சிந்தாதீர்கள், தண்ணீர் காதுப்பக்கம் போய்விடும். காதுவலி இருந்தாலோ, மூக்கில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.