கைத்தடியோடு கடற்கரைக்கு

இரண்டு வருடமாக மகள் கெஞ்சியும் கைத்தடி வாங்காமல் தள்ளிப்போட்டேன். போன வாரம் வாங்கிவிட்டேன். வலது முழங்கால்தானே வலிக்கிறது என்று வலது கையிலேயே பிடித்தேன். பிசியோதெரபி செய்யும் தம்பி மாற்றிக் கொடுத்தார். "இடது கையில பிடிங்கய்யா. வலது காலும் தடியும் சேர்ந்தே முன்னால போகணும்." கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டுமாம்.

நேற்று பாம்பன் கரைக்குப் போனேன். காய்ந்த மணலில் தடி நாலு விரல் புதைந்தது. அப்புறம் அலை நனைத்து இறுகிய ஓரமாக நடந்தேன், நன்றாக ஊன்றியது. வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வாங்கண்ணே, எவ்வளவு நாளாச்சு!" என்றார். தடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1964 புயலுக்குப் பிறகு அப்பாவின் விரலைப் பிடித்து நடந்த கரை இது. நேற்று மறுபடி நடந்தேன். கண் கலங்கிவிட்டது.