ஷட்டவுன் ஆகாத கம்ப்யூட்டரும் தண்டமாக மாற்றிய எஸ்எம்பிஎஸ்ஸும்

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை, எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கீபோர்டில் ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் மெனுவில் ஷட்டவுன் கொடுங்கள். அப்போது ஃபேன் நின்று முழுசாக அணைந்தால் பெரும்பாலும் பெட்டிக்குள் எதுவும் கெட்டுப்போகவில்லை. இந்த ஒரு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் எனக்குக் கோயம்புத்தூர் அலைச்சலும் மிச்சம், காசும் மிச்சம்.

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். மெயின் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10 ஓடும் பழைய இன்டெல் டெஸ்க்டாப். சாயங்காலம் ஷட்டவுன் கொடுத்தால் மானிட்டர் கறுப்பாகிவிடும், மவுஸ் லைட்கூட அணைந்துவிடும், ஆனால் சிபியு முன்பக்க லைட்டும் உள்ளே இருக்கிற ஃபேனும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தில் இது காதில் விழாது. எங்களுக்குத் தெரிய வந்ததே யுபிஎஸ்ஸால்தான். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, மரம் விழுந்து லைன் அறுந்தால் ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. காலையில் கடையைத் திறந்தால் யுபிஎஸ் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கும். "அக்கா, உள்ள என்னமோ ராத்திரி பூரா கத்திட்டே இருந்துச்சு" என்று பக்கத்து டீக்கடைத் தம்பி சொன்ன பிறகுதான் ஒரு நாள் நின்று கவனித்தோம்.

பவர் பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஹார்ட் டிஸ்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி அணைத்தால் ஃபைல் கெட்டுப்போகும்.

உள்ளூரில் பார்ப்பவர் அந்த வாரம் ஊரில் இல்லை, கீழே கோயம்புத்தூரில் பெரிய சர்வீஸ் சென்டர் இருக்கிறதே என்று சிபியுவைப் பெட்ஷீட்டில் சுற்றி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே கவுண்டரில் இருந்தவர் நான் சொல்லி முடிப்பதற்குள் "நீலகிரியா? ஈரம்தான் மேடம், எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்" என்றார். விண்டோஸ் தன் கோளாறுகளையெல்லாம் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக வரிசையாக இருந்ததைக் காட்டி, பாருங்க, பவர் பிராப்ளம்னு அதுவே சொல்லுது என்றார். நானும் சரி என்றேன், வேறென்ன சொல்ல முடியும்.

இந்த 41 பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் நின்று மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் மறுமுறை ஆன் செய்யும்போது அது பதிவாகிவிடும், கரண்ட் போய் அணைந்தாலும் அப்படித்தான். காரணம் என்ன என்று அதில் இருக்காது. அதை வைத்துக்கொண்டு எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது அநியாயம்.

மாற்றிய பிறகு என் முன்னால் ரீஸ்டார்ட் செய்து காட்டினார்கள். ஷட்டவுன் செய்து காட்டுங்கள் என்றேன். கொடுத்தார், திரை கறுத்ததும் கை நேராகச் சுவர் சுவிட்சுக்குப் போய்விட்டது. ஃபேன் நின்றதா இல்லையா என்று யாருமே பார்க்கவில்லை. பில்லில் "செக்டு ஓகே" என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைக்கு வந்து மாட்டிய அன்றைக்கே அதே கதை.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போனில் புலம்பினபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "சித்தி, ரீஸ்டார்ட் ஆகுதா?" எப்போதும் ஆகிறது என்றேன். ஷிஃப்ட் பிடித்து ஷட்டவுன் கொடுக்கச் சொன்னான். டக்கென்று ஃபேன் நின்றது. அந்த நிமிஷம் வந்த நிம்மதியையும் கோபத்தையும் சொல்லி மாளாது.

விஷயம் இதுதான். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸின் உள் பகுதியையும் டிரைவர்களையும் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேச வைக்கிற சின்ன புரோகிராம்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணையும், மறுநாள் அதைப் படித்துச் சீக்கிரம் எழுந்துகொள்ளும். இதற்கு ஏதாவது ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்றால் பாதியில் நின்றுவிடும். ரீஸ்டார்ட்டில் இந்த வேலையே கிடையாது, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் பிடித்தால் ஷட்டவுனும் அப்படியே முழுசாக நடக்கும்.

நிறுத்துவது சுலபம். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ". ஆனால் அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் மங்கலாக இருக்கும், எடுக்க வராது. மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்" என்று நீல எழுத்தில் ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதை முதலில் அழுத்த வேண்டும். அப்புறம் டிக்கை எடுத்து சேவ் செய்யுங்கள். காலையில் ஆன் ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், போகட்டும்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் எடுத்தவர் மழுப்பினார், மேனேஜரிடம் கொடுங்கள் என்று நின்ற பிறகு லேபர் சார்ஜைத் திருப்பிப் போட்டார்கள். எஸ்எம்பிஎஸ் காசு வரவில்லை. பழையதைக் கேட்டு வாங்கினேன், அது கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. நீங்களும் எது மாற்றினாலும் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், எப்போதாவது ஒரு நாள் மறுபடியும் ஃபேன் ஓடியது. இந்த முறை பெட்டியைத் தூக்கவில்லை. அக்கா மகன் உபுண்டு (விண்டோஸ் மாதிரியே வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட பென்டிரைவ் கொடுத்திருந்தான். அதிலிருந்து பூட் செய்து ஷட்டவுன் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக அணைந்தது, ஆக விண்டோஸ் பக்கம்தான் கோளாறு. டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸுக்குக் கீழே "இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் இன்டர்ஃபேஸ்" என்று இருக்கும், போர்டில் இருக்கிற ஒரு இன்டெல் கட்டுப்பாட்டுப் பகுதியோடு விண்டோஸ் பேசுவதற்கானது. அதைத் தற்காலிகமாக டிசேபிள் செய்து சில நாள் பார்த்தோம், தொந்தரவே இல்லை. அதற்கு விண்டோஸ் அப்டேட் தானாகப் போட்டிருந்த, 11இல் ஆரம்பிக்கிற டிரைவர் பதிப்பு எங்கள் போர்டுக்கு ஒத்துவரவில்லை. மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் எங்கள் மாடலுக்கென்று இருந்த பழைய டிரைவரை இறக்கிப் போட்டு மறுபடி எனேபிள் செய்ததும் சரியாகிவிட்டது. கண்ட தளத்தில் டிரைவர் தேடாதீர்கள், வைரஸ்தான் வரும்.

பெரிய அப்டேட் ஒன்று வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் தானாகத் திரும்ப வந்திருந்தது. அதனால் அப்டேட் ஆன மறுநாள் அந்த டிக்கையும் டிரைவர் பதிப்பு எண்ணையும் பார்த்துவிடுங்கள், பழைய டிரைவர் ஃபைலைத் தனியாக ஒரு பென்டிரைவில் வைத்திருந்தால் திரும்பப் போட ஐந்து நிமிஷம்தான் ஆகும்.