மைக் இல்லாத சாட்சி

ஜனவரி 10
பொங்கல் லீவு குறுக்கே வருவதால் அம்மாவின் பயாப்சி முடிவு 17ஆம் தேதிதானாம். அம்மா இரண்டு கரண்டிக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள்.

ஜனவரி 11
எங்கள் சபைப் போதகர் ஐயர் போனில் பேசினார். சாதாரணக் கட்டிதான் என்று வந்ததும் ஆராதனையில் எழுந்து, கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னும் சாட்சி சொல்ல வேண்டுமாம். வந்ததும் என்கிறார். வராவிட்டால்? எங்கள் சபையில் பிழைத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், வேலை கிடைத்தவர்கள் சொல்வார்கள், விசா வந்தவர்கள் சொல்வார்கள். சர்க்கரையால் ஒரு காலை இழந்த பெரியம்மா எல்லா ஞாயிறும் கடைசி பெஞ்சில் இருக்கிறாள். அவளை யாரும் மைக் பக்கம் கூப்பிட்டதில்லை.

ஜனவரி 12
பக்கத்துக் கட்டில் ஆச்சி தலையணைக்கடியில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறாள். "நீ வேதக்காரப் பிள்ளைதானே, எனக்கும் ஒரு ஜெபம் செய்" என்றாள். வெந்நீர் பிடித்து வருகிறேன் என்று பிளாஸ்க்கோடு நழுவிவிட்டேன். 'பூமியின் கடைசிபரியந்தமும் எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள்.' எட்டு வயதில் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கிய வசனம். மூன்றடி தள்ளியிருக்கும் கட்டிலுக்குப் போக முடியவில்லை.

ஜனவரி 13
மாற்றுப்புடவை எடுக்க வள்ளியூர் பஸ். ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை தெரியும் பக்கமாக மாறி உட்கார்ந்தேன். நாங்கள் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டன்ட் சபை, புனிதர்களைக் கும்பிடும் வழக்கமில்லை. ஆனாலும் நாளை தேவசகாயம் பிள்ளையின் நாள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற அவரை 1752 ஜனவரி 14இல் இந்த மலையில்தான் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் ரோமில் புனிதர் பட்டம். விசுவாசத்துக்காக உயிர்விட்டவரைக் கத்தோலிக்கர் மறைசாட்சி என்பார்கள், நாங்கள் இரத்தசாட்சி என்போம். இரண்டிலும் சாட்சி இருக்கிறது, சுகம் இல்லை. சுடப்படுவதற்கு முந்தின ஞாயிறு அவரை எங்கள் சபை மைக் பிடிக்க விட்டிருக்குமா?

பச்சைப் புடவையை மறந்துவிட்டேன். அம்மா அதைத்தான் கேட்டிருந்தாள்.

ஜனவரி 14
நர்ஸ்கள் மேஜைமேல் கரும்பு. ஆச்சியின் மகன் தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்தான். மூடியில் எனக்கும் ஒரு கை வைத்தாள், ஏலக்காய் தூக்கலாக இருந்தது. தின்று முடித்ததும் என் கையை இழுத்துத் தன் வயிற்றுக் கட்டின்மேல் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினேன். சுகம் தாரும் என்று வாயில் வரவில்லை. பயமாக இருக்கிறது, கூடவே இரும் என்றுதான் வந்தது.

"உரக்கச் சொல், எனக்குக் காது மந்தம்."

சொன்னேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஜனவரி 15
அம்மா என்னோடு பேசவில்லை. பச்சைப் புடவைக் கோபம்.

ஜனவரி 17
பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐயர் இரண்டு முறை அழைத்தார், எடுக்கவில்லை. அம்மா தலை சீவிவிடச் சொல்கிறாள்.