மொடெமைத் திரும்பக் கூப்பிட வைத்தது

வவுனியாவில் எங்கள் அலுவலகக் கணக்குகள் எல்லாம் ஒரு பழைய லினக்ஸ் கொம்பியூட்டரில் கிடந்தன, குருமன்காட்டில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி இரவில் வீட்டுப் போன் லைனில், கொம்பியூட்டரைப் போனோடு இணைக்கிற மொடெம் வழியாக, அதற்குள் வந்து பதிவாள். "அண்ணா, இந்த பில்லை ஆர் கட்டுறது?" என்று அவள் கேட்ட பிறகுதான் கோல்பேக்கில் இறங்கினேன். அவள் எடுத்ததும் சேர்வர், அதாவது அந்த லினக்ஸ் கொம்பியூட்டர், லைனை வெட்டிவிட்டுத் தானே திரும்ப எடுக்கும், காசு அலுவலகத்துக்கு.

உள்ளே செருகும் மலிவான மொடெம் கார்ட்டுகள் பெரும்பாலும் விண்டோஸை நம்பியவை, அவற்றோடு மல்லுக்கட்டாமல் சீரியல் போர்ட்டில் மாட்டுகிற வெளி மொடெமையே எடுங்கள். லைனில் வரும் அழைப்பைக் கவனித்து எடுக்க எம்கெட்டி என்ற லினக்ஸ் புரோகிராம். அதோடு கோல்பேக் என்ற சின்ன புரோகிராமும் வரும், லொகின்.கொன்பிக் பைலில் ஒரு பயனர் பெயருக்கு நேரே அதையும் அவளுடைய இலக்கத்தையும் எழுத வேண்டும். இலக்கத்தை எழுதாமல் விட்டால் கூப்பிடுகிறவரிடமே கேட்கும். யாராவது கனடா இலக்கத்தை அடித்தால் போச்சு.

அவள் பக்கம்தான் இழுபட்டது. மொடெமோடு என்ன பேசுவது என்று வரிசையாக எழுதிவைக்கிற சாட் ஸ்கிரிப்ட்டில், 'நோ கேரியர்' (லைன் அறுந்தது) என்று மொடெம் சொன்னால் நிறுத்து என்று வழமையாக எழுதியிருக்கும், இங்கே அது வருவதுதான் நல்ல சகுனம். அதை எடுத்துவிட்டு, 'ரிங்' வரும்வரை காத்திருந்து, அழைப்பை எடு என்கிற 'ஏடிஏ' கட்டளையை மொடெமுக்கு அனுப்பச் சொன்னேன். வழமையான 45 செக்கன் காத்திருப்பையும் கூட்டினேன். இணைந்ததும் மறுபடி லொகினும் பாஸ்வேர்டும் கேட்கும், அது இருக்கட்டும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் முக்கியமான சிக்கல். எங்கள் மொடெமுக்கு இங்கத்தைய டயல் டோன் பிடிபடவில்லை. இதற்கு எல்லாரும் சொல்கிற மருந்து ஏடிஎக்ஸ்3 என்ற மொடெம் கட்டளை, அதைக் கொடுத்தால் மொடெம் டோனைக் கேட்காமலே டயல் பண்ணும். சும்மா டயல் பண்ண அது சரி, கோல்பேக்குக்கு ஆபத்து. சில எக்ஸ்சேஞ்சுகளில் கூப்பிட்டவர் போனை வைக்கும்வரை லைன் உடனே விடுபடாது. ஒருவன் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் சேர்வர் அதே லைனில் இலக்கத்தை அடித்துவிட்டு, அவனுடைய மொடெம் சத்தத்தைக் கேட்டு தங்கச்சிதான் எடுத்தாள் என்று நம்பிவிடும். திரும்ப எடுப்பதற்கு வேறு லைனும் வேறு மொடெமும் இருந்தால் இந்த வித்தை பலிக்காது, அந்த லைனின் இலக்கம் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோல்பேக்கிடம் எந்தப் போர்ட்டால் எடுப்பது என்று சொல்லிவிடலாம்.

எங்களிடம் அப்படி இருந்தது பொறுப்பாளர் அண்ணையின் அறை லைன் மட்டும்தான். இரவில் அதில் கதைக்கமாட்டேன் என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் இரண்டாவது மொடெமை மாட்டினோம்.