நாலாயிரம் டாலரும் ஒரு பேருந்துப் பயணமும்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தான் பள்ளிக் கணித ஆசிரியை ஆகப்போவதாகச் சொன்னாள். வட கரோலினாவின் கேரி நகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கணினியும் மருத்துவமும் அல்லாத படிப்பின் பெயர் அவ்வீடுகளில் எப்போதாவதுதான் காதில் விழும். செய்தி பரவிய வாரத்திலேயே, துக்கம் விசாரிக்க வந்தவர்போல ஒருவர் வந்து உட்கார்ந்து, “கணக்கு நல்லா வர்ற பொண்ணாச்சே, ஏன் டீச்சர் வேலைக்கு அனுப்புறீங்க?” என்றார். என் அம்மா ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அவருக்குத் தெரியாது.

ஆனால் நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இந்த மாநிலத்தில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு 2024–25ஆம் ஆண்டில் மாநில அரசு வைத்திருந்த அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 41,000 டாலர். கல்லூரிக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு அந்தச் சம்பளத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நான் தாளில் போட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான், ஆசிரியர் பயிற்சிக்கு வரும் சிறந்த மாணவர்களுக்கென்று என்னென்ன உதவித்தொகைகள் இருக்கின்றன என்று இருவரும் தேடத் தொடங்கினோம்.

முதலில் கண்ணில் பட்டது அமெரிக்க மத்திய அரசின் ‘டீச் கிராண்ட்’. 2007இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி வந்த இத்திட்டம், ஆண்டுக்கு 4,000 டாலர் வரை, இளநிலைப் படிப்பு முழுவதற்கும் 16,000 டாலர் வரை தருவதாகச் சொல்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் கிடைப்பதன்று: மதிப்பெண் சராசரி நாலுக்கு 3.25 இருக்க வேண்டும், அல்லது நுழைவுத் தேர்வில் மேல் கால் பங்குக்குள் வந்திருக்க வேண்டும். பதிலுக்கு, படிப்பு முடிந்த எட்டு ஆண்டுகளுக்குள் நாலு ஆண்டுகள், ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில், கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி போன்று ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடமொன்றை முழுநேரமாகக் கற்பிக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமான ஒப்பந்தம்தான்.

ஒப்பந்தப் படிவத்தை மகள் சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்கப் படித்தாள். நாலு ஆண்டுப் பணியை முடிக்கத் தவறினால் வாங்கிய மானியம் முழுவதும் கடனாக மாறும் என்ற வரியில் அவள் நிற்கவில்லை. அதற்கு அடுத்த வரியில் நான் நிறுத்தச் சொன்னேன். வட்டி, கடனாக மாறிய நாளிலிருந்து அல்ல, ஒவ்வொரு தவணையும் கைக்கு வந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். அதாவது பதினெட்டு வயதில் வாங்கிய பணத்துக்கு, இருபத்தெட்டாவது வயதில் திரும்பிப் பார்த்து வட்டி போடுவார்கள். எந்த வட்டிக்கடையிலும் வாங்கும்போதே அது கடன் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே அதற்குப் பெயர் மானியம்.

இது வீண் அச்சமில்லை என்பதற்கு அரசே சான்று வைத்திருக்கிறது. கல்வித் துறைக்காகச் செய்யப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், 2014 ஜூலைக்கு முன் பணிக்காலத்தைத் தொடங்கியவர்களில் 63 விழுக்காட்டினரின் மானியம் கடனாக மாறியிருந்தது தெரியவந்தது. வேறு வேலைக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சொன்ன பள்ளியில் சொன்ன பாடத்தை ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தும், ‘நான் இன்னும் கற்பிக்கிறேன்’ என்று ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய சான்றிதழ் சில நாள் தாமதமானதற்காகவும், அதில் ஒரு தேதியோ கையொப்பமோ விடுபட்டதற்காகவும் கடனாளி ஆக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஒருமுறை மாறினால் மாறியதுதான் என்பது அப்போதைய நிலை. தேசியப் பொது வானொலியான என்.பி.ஆர். 2018இல் இவர்களுடைய கதைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. அவ்வாண்டின் இறுதியில் கல்வித் துறை இறங்கி வந்து மறுபரிசீலனைக்கு வழி திறந்தது. ஆயிரக்கணக்கானோரின் கடன்கள் மீண்டும் மானியமாயின. 2021 ஜூலை முதல் விதிகளையும் திருத்திவிட்டார்கள்: ஆண்டுச் சான்றிதழைத் தவறவிட்ட ஒரே காரணத்துக்காக இப்போது மானியம் கடனாவதில்லை. இன்று வாங்குபவர் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், சிறந்த மாணவர் என்று தேடிப் பிடித்தவரைத் தப்பியோடக்கூடிய கடன்காரராகவே பார்க்கும் அந்தப் பார்வை படிவத்தின் நடையில் அப்படியே இருக்கிறது.

இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸின் பெயரில், 2002இல் இயற்றிய சட்டத்தின் வழியாகத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் உதவித்தொகையும் உண்டு. உதவி பெறும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாக, தேவை மிகுந்த பள்ளி மாவட்டத்தில் இரண்டாண்டு பணி. தொகை பெரிது, நிபந்தனையும் பெரிது.

எங்கள் எண்ணத்தை மாற்றியவர் மகளுடைய கணித ஆசிரியர். பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனவளை உட்காரவைத்து, தாம் ‘டீச்சிங் ஃபெல்லோ’வாக இருந்த கதையைச் சொன்னாராம். வட கரோலினா சட்டமன்றம் 1986இல் உருவாக்கிய திட்டம் அது. மாநிலம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு ஐந்நூறு பேர் வரை, பள்ளி இறுதி ஆண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆண்டுக்கு 6,500 டாலர், நாலு ஆண்டுகளுக்கு. பதிலுக்கு மாநிலத்துப் பொதுப் பள்ளியில் நாலு ஆண்டுப் பணி. தவறினால் இதுவும் கடன்தான். ஆனால் அவருக்கு நினைவில் நின்றது அந்தப் பணமே இல்லை. கல்லூரிக் கோடை விடுமுறையில் இவர்களையெல்லாம் பேருந்தில் ஏற்றி மாநிலத்தைச் சுற்றிக் காட்டினார்கள். மலைநாட்டில் தொடங்கி, ஆலை மூடிய ஊர்கள் வழியாக, புகையிலை வயல்களைத் தாண்டிக் கடற்கரை வரை; போகிற வழியில் பள்ளிகள். “நான் எந்த மாநிலத்துக்குப் பாடம் நடத்தப்போகிறேன் என்பதை அந்த ஜன்னலோர இருக்கையில்தான் தெரிந்துகொண்டேன்” என்று அவர் சொன்னதை மகள் வீட்டுக்கு வந்து திரும்பச் சொன்னாள். அந்த வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் இன்று பக்கத்து ஊர்ப் பள்ளியில் முதல்வராம்.

வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. இந்த உதவித்தொகையில் படித்து வந்தவர்களிடம் பயின்ற பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளிப் பாடங்களிலும் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கணிதத்திலும் கூடுதலாக முன்னேறினார்கள். இவ்வாசிரியர்கள் ஐந்தாண்டுக்கு மேலும் பணியில் நிலைப்பது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. குறையும் அதே ஆய்வில் இருக்கிறது: இவர்களில் பலர் வசதியான, ஏற்கெனவே நன்றாக நடக்கும் பள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஏழைப் பள்ளிகளுக்குத்தான் போக வேண்டும் என்ற டீச் கிராண்டின் பிடிவாதத்தில் நியாயம் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். பயமுறுத்தி அனுப்பப் பார்த்ததுதான் கோளாறு.

நன்றாக நடந்துகொண்டிருந்த அத்திட்டத்துக்கு 2011இல் சட்டமன்றமே பணத்தை நிறுத்தியது. கடைசி அணி 2015இல் படித்து முடித்தது. பிறகு பற்றாக்குறை கழுத்தை நெரிக்க, 2017இல் சிறிய உருவில் மீண்டும் கொண்டுவந்தார்கள். இம்முறை தொடக்கத்தில் ஆண்டுக்கு 8,250 டாலர் வரை, ஐந்து கல்வி நிலையங்களில், கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்கு மட்டும். பணி செய்து கடனை அடைக்கும் முறையில் ஒரு நல்ல மாற்றம் செய்திருந்தார்கள். மாணவர் தேர்ச்சியில் பின்தங்கிய பள்ளியில் பணி செய்தால் உதவி பெற்ற ஓராண்டுக்கு ஓராண்டு போதும். மற்ற பொதுப் பள்ளி என்றால் இரண்டாண்டு. மிரட்டாமலேயே பின்தங்கிய பள்ளியின் பக்கம் தள்ளிவிடும் கணக்கு இது. கணக்கு எழுதுபவன் என்ற முறையில், போட்டவரைப் பாராட்டத் தோன்றியது.

மகள் இதற்கு மட்டும் விண்ணப்பித்தாள். கட்டுரைகளை எழுதினாள், நேர்காணலில் பேசினாள், தேர்வும் ஆனாள். இப்போது ராலேயில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்வி இரண்டாம் ஆண்டு. துக்கம் விசாரிக்க வந்தவர் சென்ற மாதம் தன் மகனுக்கு இயற்கணிதம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டு வந்தார், சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறாள்.

நாலு ஆண்டா எட்டு ஆண்டா என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் கைப்பேசியில் மாநில வரைபடத்தை விரித்து, கிழக்கே, நாங்கள் கடற்கரைக்குப் போகும்போது பெட்ரோல் போட மட்டும் நிற்கும் ஒரு மாவட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அங்கே வாடகை எவ்வளவு என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.